மரணப் புத்தகத்தில் யாகப்பர்

"நோயில் பூசுதல் குடுத்ததோ அக்கா?" பேனையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டான் கோயில் பதிவுகளை எழுதும் அனோஜன்.

"ஓம். நேற்றுப் பின்னேரம் சுவாமி வந்து எண்ணெய் பூசினவர்," என்றாள் யசிந்தா.

கோயில் கந்தோரில் மரணப் புத்தகம் விரித்துக் கிடந்தது. பத்திநாதன், வயது எண்பத்தொன்று. அப்பாவின் பெயரில் மை இன்னும் காயவில்லை. வீட்டில் அவர் பெட்டிக்குள் கிடக்க, மூன்று மணிப் பூசைக்கு முன் பதிவை முடிக்க மூத்த மகள் வந்திருந்தாள்.

ஒன்பது வருடங்களுக்கு முன் இதே கதிரையில் அவள் தவம் கிடந்தவள். அப்பாவின் அப்பப்பா யாகப்பர் எங்கிருந்து வந்தவர் என்று ஒருவருக்கும் தெரியாது. அவருடைய கலியாணப் பதிவில் பெற்றோரின் இடம் வெறுமையாக இருந்தது. "கடலால வந்த குடி" என்று ஊர் பகிடி பண்ணும். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஞானஸ்நானப் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டி அவளுக்குக் கண் பூத்ததுதான் மிச்சம். "விடு பிள்ளை," என்றதும் அப்பாதான். ஆனால் போன கிழமை, மூச்சு இழுக்கும்போதும், "ஏதும் தெரிஞ்சுதோ?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டிய பாவத்தை அவள் இன்னும் சுமந்துகொண்டிருந்தாள்.

பூசுதல் கட்டத்தில் அனோஜன் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று ஏதோ உறைத்தது.

"தம்பி, சாகக் கிடக்கிற குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் குடுத்தா எங்க எழுதுவினம்?"

"பிழைச்சா ஞானஸ்நானப் புத்தகத்தில. செத்தா இதில, இந்தக் கட்டத்தில."

"செத்திட்டுது எண்டு எழுதின பிறகு பிழைச்சிட்டா?"

அவன் பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"ஆயிரத்தெண்ணூற்று எண்பத்தொன்பதாம் ஆண்டுப் புத்தகத்தை எடுங்கோ. கலியாணப் பதிவில சொன்ன வயசுக்கு அதுதான் கணக்கு."

செல்லரித்த தாள்களை இருவரும் மூச்சுவிடப் பயந்து புரட்டினார்கள். ஆவணி மாதத்தில் அது இருந்தது.

'ஓலைத்தொடுவாய்க் கரையில் உடைந்த தோணியில், மரித்த தாயின் பக்கத்தில் கிடந்த ஆண் குழந்தை. மீன்பிடிகாரன் பத்திநாதன் அவசர ஞானஸ்நானம் கொடுத்து யாகப்பர் என்று பேரிட்டான். மரித்தது.'

கடைசிச் சொல்லின்மேல் ஒரு கோடு. பக்கத்தில் வேறு மையில்: 'அழுதது. பத்திநாதன் வளர்க்கிறான்.'

யசிந்தா அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தாள். செத்தவர்களின் வரிசையில் எழுதப்பட்ட ஒரு குழந்தை அழுதிருக்கிறது. அதனால்தான் அப்பா, அதனால்தான் அவள். தூக்கி எடுத்தவரின் பெயரைத்தான் அப்பா ஒன்றும் தெரியாமல் எண்பத்தொரு வருடம் வைத்திருந்தார்.

"அக்கா, இருங்கோ," என்றான் அனோஜன். அவள் அதற்குள் படியிறங்கிவிட்டாள்.

வீட்டில் செபமாலை முடிந்திருந்தது. தம்பி றெக்சன் பெட்டி மூடியோடு நின்றான். அவள் அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"அப்பா, கடலாலதான் வந்தவராம். உங்கட பேர்க்காரர்தான் அவரைத் தூக்கினவராம்."

தலைமாட்டில் இருந்த தீர்த்தத்தில் விரலைத் தோய்த்து அவர் நெற்றியில் சிலுவை வரைந்தாள். நீர் வழிந்து மூடிய கண்ணோரத்தில் நின்றது. துடைக்கச் சொல்லி றெக்சன் லேஞ்சியை நீட்டினான். அவள் வாங்கவில்லை.