படி என்று யாரும் சொல்லவில்லை

பெரிய கண்ணாடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் வழியைப் பார்த்து நடப்பான். மற்றவன் பின்பக்கமாக நடப்பான். பின்பக்கமாக நடப்பவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. தலை திரும்பினால் தோள் திரும்பும். தோள் திரும்பினால் கண்ணாடி திருகும். எதிரே இருப்பவனின் வாய்தான் அவனுக்குக் கண். படி. திருப்பம். குனி. நில்.

அந்தக் கண்ணாடிப் பட்டறையில் நெட்டைதான் எப்போதும் பின்பக்கமாக நடந்தான். அவ்வளவு நிதானமான கால் வேறு யாருக்கும் இல்லை. அவனுடைய அக்கா அதே பட்டறையில் கண்ணாடியைத் துடைத்துக் காகிதம் சுற்றினாள். அக்காவின் கணவனும் அங்கே தூக்குகிற ஆள். நெட்டையை வேலைக்குச் சேர்த்துவிட்டது அவன்தான்.

நெட்டை விடுமுறையில் இருந்த ஒரு நாள், மேஸ்திரியும் ஓட்டைவாயும் ஒரு மூன்றாம் மாடியில் ஜன்னல் பொருத்தினார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் நெட்டையின் அறை திறந்த ஜன்னல் வழியே தெரிந்தது. அவன் துண்டைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் அவன் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். பூசி முடித்ததும் குனிந்து அவன் பின்கழுத்தில் முத்தம் கொடுத்தார். நெட்டை எதையோ சொல்லிச் சிரித்தான்.

ஓட்டைவாய்க்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மறுநாள் தேநீர் நேரத்துக்குள் பட்டறை முழுக்கத் தெரிந்துவிட்டது.

"உன் மச்சினனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாமே. எங்களுக்குச் சாப்பாடு எங்கடா?" என்று ஓட்டைவாய் அக்காவின் கணவனிடம் கேட்டான். "அதுல பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாருன்னு காசு சுண்டிப் பாத்தாங்களா?"

கணவன் தேநீரைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து போனான்.

வீட்டில் அவன் அக்காவிடம் கேட்டான்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவளுக்குத் தெரியும். பள்ளி முடித்த வருடம் தம்பி அவளிடம்தான் முதலில் சொன்னான். இதை இத்தோடு விடு என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அதன் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், தம்பி ஒரு சிநேகிதனோடு வாடகையைப் பாதியாக்கிக்கொண்டு இருக்கிறான் என்று சொல்லி வந்தாள்.

நெட்டை வெளியே போயிருந்தபோது மேஸ்திரி எல்லாரையும் சரக்கு அறைக்குள் கூப்பிட்டார்.

"முதலாளிகிட்ட சொன்னா வேலைக்காகாது. நல்ல கை, விட மாட்டார். நாமளா அவன்கிட்ட பேச்சை நிறுத்திடுவோம். ஒரு வார்த்தை கூட வேணாம். ரோஷம் இருந்தா தானா போயிடுவான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். மேஸ்திரி அக்காவைப் பார்த்தார். அவளும் ஆட்டினாள்.

நெட்டை முதல் நாள் சிரித்தான். "என்னப்பா, எல்லாருக்கும் மொத்தமா தொண்டை கட்டிக்கிச்சா?" யாரோ சிரிக்கப் போய் இருமலாக்கிக்கொண்டார்கள். இரண்டாம் நாள் அவன் துடைக்கும் மேசைக்கு வந்தான்.

"அக்கா, நீயுமா?"

அவள் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

அந்த வாரம் சின்னக் கண்ணாடிகள்தான் போயின. ஒற்றை ஆள் தூக்குகிற அளவு. அதனால் வேலை நிற்கவில்லை. அடுத்த வாரம் துணிக்கடை ஒன்றின் முகப்புக்குப் பெரிய கண்ணாடி கேட்டார்கள். நெட்டை ஒரு முனையில் போய் நின்றான். மறுமுனைக்கு யாரும் வரவில்லை.

மேஸ்திரி அக்காவின் கணவனைக் கைகாட்டினார்.

"உன் வீட்டுச் சரக்கு. நீ பிடி."

கணவன் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தான்.

"மச்சான்," என்றான் நெட்டை, "தூக்கறப்பவாவது வாயைத் திறங்க. மத்ததை வெளியில பாத்துக்கலாம்."

கணவன் மறுமுனையைப் பிடித்தான். தூக்கினார்கள்.

"ஊர்வலம் வருது, வழி விடுங்கப்பா," என்றான் ஓட்டைவாய்.

பட்டறை வாசலில் ஒரு படி உண்டு. அதன்மேல் எப்போதும் ஒரு சாய்வுப் பலகை கிடக்கும். கண்ணாடி தூக்குகிறவர்கள் அதில்தான் இறங்குவார்கள். அன்று காலை லாரியில் முட்டுக்கொடுக்க அந்தப் பலகையை எடுத்துவிட்டார்கள். திரும்ப வைக்கவில்லை. துடைக்கும் மேசை வாசலை ஒட்டியே இருந்தது. அக்கா பலகை இல்லாததைப் பார்த்தாள். அவள் கணவனும் பார்த்தான். அவன் வாய் திறந்தது. மேஸ்திரி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டைவாய் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் மூடிக்கொண்டது.

அக்காவின் கையில் துணி நின்றது.

நெட்டை தன் மச்சானின் வாயை மட்டுமே பார்த்தபடி, பலகை இருக்கிற தைரியத்தில் காலைப் பின்னால் வைத்தான்.

கண்ணாடி உடைவது அங்கே புதிதில்லை. அவன் சில்லுகளுக்கு நடுவே விழுந்து கிடந்தான். பிறகு நெட்டை "அம்மா" என்றான். முழங்கையின் உள்பக்கம் திறந்து கிடந்தது.

ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். விரல்களுக்குப் போகிற நரம்புகள் அறுந்திருந்தன. இன்னொரு அறுவை சிகிச்சை செய்தால் சில விரல்களுக்கு அசைவு திரும்பலாம், தாமதித்தால் ஒன்றும் திரும்பாது என்றார்கள். வேலையில் நடந்த விபத்துக்குப் பட்டறைதான் வைத்தியம் பார்க்க வேண்டும். ஆளின் சொந்தக் கவனக்குறைவு என்றால் பார்க்க வேண்டியதில்லை. அதை முடிவு செய்யத் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் வந்தார்.

முதலாளியின் அறையில் நாற்காலிகள் போதவில்லை. அதிகாரியும் முதலாளியும் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் சுவரோரம் நின்றார்கள். நெட்டையால் வர முடியாததால் மருந்துக்கடைக்காரர் வந்திருந்தார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. கதவு நிலையில் நின்றார்.

"அவனுக்குக் கொஞ்ச நாளா கவனம் வேற எங்கயோ," என்றார் மேஸ்திரி. "எத்தனை வருஷமா நடக்கற வாசல். அதுல விழுந்தான்னா என்ன சொல்றது?"

"எதிர்ல பிடிச்சவர் என்ன சொல்றார்?"

அக்காவின் கணவன் தரையைப் பார்த்தான். "கால் தவறிட்டான் சார்."

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"சார், அவர் ரெண்டு ராத்திரியா தூங்கல," என்றார் கதவிலிருந்து மருந்துக்கடைக்காரர். "விரல் இருக்கா இல்லையான்னே தெரியலங்கறார். நீங்க நேர்ல வந்து ஒரு தடவை கேட்டீங்கன்னா..."

"இவர் யாரு?" என்றார் அதிகாரி.

"வெளியாள் சார். கூட ரூம்ல இருக்கறவன்," என்றார் முதலாளி. "தம்பி, கீழ போய் நில்லு. இது எங்க பட்டறை விவகாரம்."

மருந்துக்கடைக்காரர் திரும்பினார். அவர் சட்டைக் கையில் காய்ந்த ரத்தம் இருந்ததை அக்கா பார்த்தாள். தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளில் போட்டிருந்த அதே சட்டை. அந்த நாளில் அவள் வீட்டுக்குப் போய்ச் சமைத்திருந்தாள்.

"அவர் வெளியாள் இல்ல," என்றாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"அப்ப யாரு?" என்றார் அதிகாரி.

அந்த உறவுக்கு அவள் மனதுக்குள்கூட ஒரு பெயர் வைத்ததில்லை.

"என் தம்பியோட வீட்டுக்காரர்."

ஓட்டைவாய் சிரித்தான். கூட யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

"உன் தம்பி மானத்தை நீயே வாங்கறியே, தாயி," என்றார் மேஸ்திரி.

"மானம் போறதுக்கு இதுல என்னண்ணே இருக்கு? போனது கை." அவள் அதிகாரியிடம் திரும்பினாள். "அவன் கால் தவறல சார். வாசல்ல பலகை இல்ல. படின்னு சொல்லணும். சொல்லல."

"யார் சொல்லணும்?"

"எதிர்ல பிடிச்சவர்."

"பிடிச்சது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

கணவன் தலையைத் தூக்கினான்.

"ஏன் சொல்லல? மறந்துட்டாரா?"

"மறக்கல. அவன்கிட்ட பேசக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருந்தோம். ஒரு ஆம்பளையோட குடும்பம் நடத்தறான்னு."

"முடிவு பண்ணது யாரு?"

"சொன்னது மேஸ்திரி. தலையாட்டினது எல்லாரும்." அவள் குரல் இறங்கியது. "நானும்தான் சார்."

அதிகாரி முதலாளியைப் பார்த்தார். முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். பேனா எழுத ஆரம்பித்தது. மருந்துக்கடைக்காரர் கதவு நிலையிலேயே நின்றார். இந்த முறை யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

தெருவில் கணவன் அவளுக்கு முன்னால் நடந்தான். முனை வந்ததும் நின்றான்.

"என் வேலைக்கு உலை வெச்சுட்ட."

"நீங்க சொல்ல வந்தீங்க. நான் பார்த்தேன். வாய் வரைக்கும் வந்துச்சு."

"அதையும் சொல்லியிருக்க வேண்டியதுதானே அங்க?"

"சொன்னா என்ன மாறும்?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஊரே கைகொட்டிச் சிரிக்கும். இனி உன் தம்பி வீடே உனக்கு வீடு. போ."

அவள் போகவில்லை. ஒரு வாரம் அவனுக்குச் சமைத்து வைத்தாள். அவன் தொடவில்லை. பட்டறையில் மேஸ்திரியையும் அவனையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவளையும் இனி வர வேண்டாம் என்றார்கள். ஒரு நாள் வேலை தேடி அலைந்துவிட்டு வந்தபோது பூட்டு மாற்றியிருந்தது. அவளுடைய துணிகள் ஒரு மூட்டையாக வாசலில் இருந்தன.

இரண்டாவது அறுவை பட்டறைச் செலவில் நடந்தது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் அசைந்தன. மற்ற மூன்றும் அசையவில்லை.

அவள் மூட்டையோடு போய் நின்றபோது மருந்துக்கடைக்காரர் கதவைத் திறந்தார். மூட்டையை வாங்கிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. "முழிச்சுதான் இருக்கார்," என்று மட்டும் சொன்னார்.

நெட்டை கட்டிலில் சாய்ந்திருந்தான். வேர்ப்பக்கம் முடி நரைத்து வந்திருந்தது. கை தலையணைமேல் கிடந்தது. அக்கா கட்டிலுக்கு அருகே நின்றாள்.

"எல்லாத்தையும் சொன்னியாமே. இவர் சொன்னார்."

"ஆமா."

"எல்லார் முன்னாடியும்."

"ஆமா."

அவன் ஜன்னலைப் பார்த்தான். சாயம் பூசிய நாளுக்குப் பிறகு அதற்குத் திரை போட்டிருந்தார்கள்.

"பெரிய விஷயம்தான் அக்கா. நீ பேசலைன்னா இந்த ரெண்டு விரலும் இல்ல."

அவள் தலையணைமேல் கிடந்த கையைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேட்கவா?"

"கேளு."

"உன் மேசை வாசல்கிட்டதான. பலகை இல்லைன்னு நீ பார்த்தியா?"

அடுப்படியில் மருந்துக்கடைக்காரர் பாத்திரத்தை வைக்கும் சத்தம் நின்றது.

"பார்த்தேன்."

"நான் விழறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடி."

நெட்டை கண்ணை மூடிக்கொண்டான். அழவில்லை. மூச்சு மட்டும் நீளமாக வந்தது.

"அதிகாரிகிட்ட இதைச் சொன்னியா?"

"இல்ல."

"சரி," என்றான்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் வந்து ஒரு நாற்காலியைக் கட்டிலோரம் போட்டார். அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் போ என்று சொல்வான் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை.

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.