உரிக்கச் சொன்ன சுருட்டுகள்

யூட் கையில் போனுடன் வந்து நின்றபோது ஹுனைஸ் சுருட்டுப் பெட்டியின் பலகைக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஹுனைஸ் நானா, இந்தச் சுருட்டு எல்லாத்திலயும் இருக்கிற கண்ணாடிக் கடதாசிய இண்டைக்கே உரிச்சுப் போடுங்க."

"என்னத்துக்கு சேர்?"

"கடதாசிக்குள்ள சுருட்டு மூச்சு விடாதாம். இந்த வீடியோவைப் பாருங்க. பெரிய ஆக்கள் எல்லாம் உரிச்சுத்தான் வைக்கிறாங்களாம்."

கண்டக்குழிக் கடலில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு சறுக்க வரும் வெள்ளைக்காரரை நம்பி யூட் கட்டிய லொட்ஜ் அது. யூட்டின் ஊர் சிலாபம். சாப்பாட்டு மண்டபத்தின் மூலையில், இடுப்பளவு உயரத்தில், உள்ளே வாசமரப் பலகை அடித்த அந்தப் பெட்டியைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்து வைத்ததும் அவன்தான். ஈரப்பதம் காட்டும் சின்ன முள் ஒன்று அதற்குள் இருந்தது. அந்த முள்ளைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் ஹுனைஸ். பக்கத்து ஊரான எத்தாளைக்காரன், நாற்பத்திரண்டு வயது. டோஹாவில் ஒரு பெரிய ஹோட்டலின் சுருட்டு அறையை ஒன்பது வருடம் பார்த்தவன். வாயில் ஒருநாளும் சுருட்டு வைத்ததில்லை. ஆனால் விரலால் மெல்ல அழுத்தியே அது காய்ந்ததா ஊறியதா என்று சொல்லிவிடுவான். அதைக் கேள்விப்பட்டுத்தான் யூட் வீடு தேடி வந்து அவனை வேலைக்குக் கூட்டிப்போனான்.

ஹுனைஸ் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னான்.

"சேர், டோஹாவில நாங்களும் உரிச்சுத்தான் வெச்சம். பிழையில்ல. ஆனா அங்க ஒரு தட்டில ஒரே சாதிச் சுருட்டு. ஏசி ஒரு நிமிசம் நிக்காது. இங்க கிழமைக்கு மூணு தரம் கரண்ட் போகுது. பெட்டி சூடானா சுருட்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியாமக் கிடக்கிற வண்டு முட்டை பொரிச்சிரும். கடதாசி இரிந்தா ஒண்டு ரெண்டோட போகும். இல்லாட்டி பெட்டி முழுக்கத் துளைச்சிரும்."

"மூச்சு?"

"அது பிளாஸ்டிக் இல்ல சேர். ஈரம் உள்ளுக்கும் போகும், வெளியயும் வரும். கொஞ்சம் மெதுவாப் போகும், அவ்வளவுதான்."

யூட் சிரித்தான். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா வடிவில்லையே. கடைச் சாமான் மாதிரிக் கிடக்குது. கஸ்டமர் கதவைத் துறந்தா பளபளண்டு தெரியோணும். உரியுங்க."

சம்பளம் தருகிறவன் அவன். ஹுனைஸ் அன்று பின்னேரம் உட்கார்ந்து நூற்றுப் பதினெட்டுச் சுருட்டுகளை உரித்தான். ஒவ்வொன்றின் அடியிலும் கடதாசி மடித்திருக்கும் இடத்தை நகம் படாமல் விரித்து, சுருட்டைச் சாய்த்து நழுவவிட வேண்டும். அவசரப்பட்டால் மேலிலை கிழிந்துவிடும். நாலைந்து கிழிந்துதான் விட்டது. ஒவ்வொரு கிழிசலுக்கும் அவனுக்குப் பல் கடிபட்டது.

ஒரு பெட்டியை மட்டும் அவன் தொடவில்லை. ஒல்லாந்திலிருந்து வருடாவருடம் மார்கழியில் வரும் ஹெண்ட்ரிக் என்ற முதியவர் விட்டுச் சென்ற இருபது சுருட்டுகள் அவை. மகன் கடலில் சறுக்க, அவர் கரையில் இருந்து நாளுக்கு ஒன்று புகைப்பார். போகும்போது மிச்சத்தை ஹுனைஸின் கையில் கொடுத்து, "அடுத்த வருடம் வரைக்கும் இப்படியே" என்று சொல்லிப் போயிருந்தார். பிறத்தியாரின் பொருளை உரிக்க யூட்டுக்கு என்ன உரிமை? ஹுனைஸ் அந்தச் சுருட்டுகளைக் கடதாசியோடு, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் வைத்து, ஈரம் காக்கும் பொட்டலம் இரண்டும் போட்டு, மேலே ஹெண்ட்ரிக்கின் பெயரை எழுதினான். காய்கறி வைக்கும் குளிரறையின் மேல்தட்டில் அதை வைக்கும்போது சமையலறைப் பொறுப்பாளர் யூஜினியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"அக்கா, இது ஹெண்ட்ரிக் ஐயாட. ஆரும் தேடினா இங்க இரிக்கிண்டு சொல்லுங்க."

"ஓம் தம்பி, நான் பார்த்துக்கொள்றன்."

பிறகு நடந்ததுதான் அவனை முதலில் எரியவைத்தது. யூட்டின் மனைவியின் தம்பி நிரோசன் அந்த லொட்ஜின் குடிவகைப் பக்கத்தைப் பார்ப்பவன். அவன் எங்கேயோ மலிவாக வாங்கிவந்த வனிலா வாசச் சுருட்டு முப்பதை ஹுனைஸ் லீவில் நின்ற நாளில் பெட்டிக்குள் அடுக்கிவிட்டான். புதிதாக வரும் எதையும் மூன்று நாள் பிரீசரில் போட்டு, ஒருநாள் பிரிட்ஜில் வைத்து, வண்டு முட்டையைக் கொன்ற பிறகுதான் ஹுனைஸ் உள்ளே விடுவான். நிரோசன் அதைச் செய்யவில்லை. அதையும் உரித்தே வைத்திருந்தான்.

மறுநாள் கதவைத் திறந்தபோது எல்லாச் சுருட்டும் ஐஸ்கிறீம் கடை மாதிரி மணத்தது.

"ஆரக் கேட்டு வெச்ச?" என்று ஹுனைஸ் நிரோசனைப் பிடித்தான்.

"அத்தானக் கேட்டு வெச்சன். உன்னையா கேக்கோணும்?"

ஹுனைஸ் நேரே யூட்டிடம் போனான். "சேர், அத எடுத்துருங்க. வாசம் மட்டுமில்ல, வண்டு வந்தா ஒண்டும் மிஞ்சாது."

"சின்ன விசயத்தப் பெரிசாக்காதீங்க நானா" என்றான் யூட், கணக்குப் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல். அடுத்த வாரத்தில் பெட்டியின் சாவியும் நிரோசனின் கைக்குப் போயிற்று. விருந்தாளிகள் வராத அடுத்த இரண்டு மாதமும் அவன் அதைத் திறக்கவேயில்லை.

மார்கழி மூன்றாம் வெள்ளி. ஹெண்ட்ரிக் முதல்நாள்தான் வந்து இறங்கியிருந்தார். ஹுனைஸ் ஜும்ஆத் தொழுகைக்காக எத்தாளைக்குப் போயிருந்தான். பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டு முடித்த ஹெண்ட்ரிக் தன் சுருட்டைக் கேட்டார். யூட் மண்டபம் நிறைந்த விருந்தாளிகளுக்கு முன்னால் பெருமையாகக் கதவைத் திறந்தான்.

தட்டெல்லாம் தவிட்டுத் தூள். சுருட்டுகளில் ஊசியால் குத்தினது மாதிரி வட்டவட்ட ஓட்டைகள். ஒரு சுருட்டைத் தூக்கினான், அது கையிலேயே உதிர்ந்தது. கபில நிற வண்டுகள் பலகையில் ஊர்ந்தன. மேசையிலிருந்த ஒரு பெண் "ஐயோ" என்று கதிரையைப் பின்னால் தள்ளினாள். ஹெண்ட்ரிக்கின் பெட்டி அங்கே இல்லை.

எல்லார் முன்னாலும் தலை குனிய வேண்டிய நேரம் அது. யூட் குனியவில்லை. "இதைப் பார்க்கிற ஆள் ஒருவன் இருக்கிறான். இதை நாசமாக்கி, உங்கட பெட்டியையும் வித்துப்போட்டான்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். சமையலறை வாசலில் நின்ற யூஜினி ஓடிவந்தாள்.

"சேர், அந்த ஐயாட பெட்டி குளிரறையில இருக்கு. ஹுனைஸ் தம்பி எனக்குக் காட்டித்தான் வச்சவர்."

"உன்னைக் கேட்டனா? உள்ளுக்குப் போ!"

அவள் போனாள். யூட் பொலிசுக்குப் போன் எடுத்தான்.

எத்தாளைப் பள்ளிவாசலில் தொழுகை முடிந்து சனம் கலையும் நேரத்தில் ஜீப் வந்து நின்றது. ஹுனைஸ் செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டிருந்தான். சார்ஜன்ட் சிங்களத்தில் அவன் பெயரைக் கேட்டார். லொட்ஜில் களவு என்று முறைப்பாடு, ஏறு என்றார். அவனுடைய மாமனார் நின்றார், சின்ன வகுப்பில் கூடப் படித்தவர்கள் நின்றார்கள், பள்ளித் தலைவர் முத்தலிபு ஹாஜியார் கையில் தஸ்பீஹ் மணியோடு நின்றார். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனந்தான் அவன் நெஞ்சில் ஏறியது. ஒன்பது வருடம் பிறநாட்டில் நின்று, பணக்காரர் மறந்துவிட்டுப் போன தங்க லைட்டர்களைத் தேடித்தேடிக் கொடுத்தவன் அவன்.

லொட்ஜில் இறங்கியதும் அவன் யாரையும் பார்க்கவில்லை. சார்ஜன்டை நேரே குளிரறைக்குக் கூட்டிப்போனான். மேல்தட்டிலிருந்து பிளாஸ்டிக் பெட்டியை இறக்கி, மண்டபத்துக்குக் கொண்டுவந்து, ஹெண்ட்ரிக்கின் மேசையில் வைத்து மூடியைத் திறந்தான். இருபது சுருட்டும் கடதாசியோடு இருந்தன. ஹெண்ட்ரிக் ஒன்றை எடுத்து உரித்து, மூக்கில் வைத்து, விரலால் அழுத்திப் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டினார்.

யூட் முகம் மாறாமல் விருந்தாளிகள் பக்கம் திரும்பி, "பாருங்கள், நாங்கள் உங்களுடையதை விசேசமாகப் பாதுகாத்து வைத்தோம்" என்றான் ஆங்கிலத்தில்.

ஹுனைஸ் பெட்டியின் மேல் கையை வைத்தான். டோஹாவில் பழகிய ஆங்கிலம் தடையில்லாமல் வந்தது.

"நாங்கள் இல்லை. நான். இவர் உரிக்கச் சொன்னார், நான் உங்களுடையதை மட்டும் உரிக்கவில்லை. நான் வேண்டாம் என்று சொன்னதைச் செய்து மற்றதை வண்டுக்குக் கொடுத்தவர் இவர். பிறகு என்னைக் கள்ளன் என்று பள்ளிவாசலில் வைத்துப் பிடித்துவரச் செய்தார்."

சார்ஜன்ட் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கள் என்று யூட்டிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

யூட் அவனை ஒபிசுக்குள் இழுத்துப்போனான். "சரி விடு, பிழை நடந்துட்டு. நாளைக்கு வா. சம்பளத்தில கொஞ்சம் கூட்டித் தாறன்."

'நானா' என்ற அண்ணன் முறை போய், 'நீங்க' போய், 'நீ' மட்டும் மிஞ்சியிருந்தது.

"எனக்கு ஒங்கட சம்பளம் தேவல்ல" என்றான் ஹுனைஸ். "எங்க வெச்சு என்னப் பிடிச்சாங்களோ அங்க வாங்க. வாற வெள்ளி, ஜும்ஆ முடிஞ்சு சனம் வெளிய வாற நேரம். நான் கள்ளனில்லண்டு ஒங்கட வாயால சொல்லுங்க."

"விசரா உனக்கு? பள்ளிக்கு முன்னால வந்து நான் மன்னிப்புக் கேக்கிறதா?"

"ஜீப்ப அனுப்பேக்க அது பள்ளிண்டு ஒங்களுக்குத் தெரியல்லையா?"

அவன் வீட்டுக்கு வந்தபோது மனைவி ஸஹ்னா வாசலிலேயே நின்றாள். ஊர்க்கதை அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. நடந்ததை அவன் சொல்லி முடித்ததும் அவள், "அவன் வராட்டி?" என்று கேட்டாள்.

"வராட்டி நான் அந்த வாசல மிதிக்க மாட்டன்."

"அது காணாது. அவன் வரோணும். நம்மட புள்ள நாளைக்கு மத்ரசாவுக்குப் போகோணும்" என்றாள். அவளுடைய குரல் அவனுடையதைவிடக் கடுமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நிரோசன் பிஸ்கட் டின்னோடு வந்தான். ஸஹ்னா கேற்றுக்கு வெளியிலேயே வைத்து அவனை அனுப்பினாள். திங்கட்கிழமை யூட் கையொப்பம் வைத்த கடிதம் ஒன்று வந்தது. தவறான புரிதல், வருந்துகிறோம் என்று இருந்தது. ஹுனைஸ் அதைத் திருப்பி அனுப்பினான். முத்தலிபு ஹாஜியார்கூட வந்து, "போதும் மகன், கடிதம் தந்துட்டான்தானே" என்றார்.

"ஹாஜியார், நீங்க அண்டைக்கு அங்க நிண்டீங்க. ஒரு வார்த்த கேட்டீங்களா? இப்ப என்னப் பொறுக்கச் சொல்றீங்க." ஹாஜியார் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். பெரியவரிடம் அப்படிப் பேசியதற்கு ஹுனைஸ் வருந்தவில்லை.

யூட்டை அசைத்தது யூஜினி. புதன்கிழமை காலை அவளும் இரண்டு சமையற்காரப் பெண்களும் ஏப்ரனைக் கழற்றி மேசையில் வைத்தார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு இன்னும் சில நாள், அறை எல்லாம் நிறைந்திருந்தது.

"பெட்டி எங்க இருக்கெண்டு நான் உங்களுக்குச் சொன்னன் சேர். சொன்ன பிறகுதான் நீங்க பொலிசுக்கு அடிச்சனீங்க" என்றாள் யூஜினி. "நாளைக்கு ஒரு கரண்டி காணாமப் போனா எனக்கும் இதுதானே? நீங்க எத்தாளைக்குப் போய்ச் சொல்லுங்க. பிறகு நாங்க அடுப்பப் பத்த வைக்கிறம்."

இரண்டு நாள் விருந்தாளிகள் பாணும் முட்டையும் தின்றார்கள்.

வெள்ளிக்கிழமை யூட் வந்தான். வானைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, பள்ளி மதிலோரம் வெயிலில் நின்றான். சனம் வெளியே வந்தது. ஹுனைஸ் அவனுக்கு எதிரே போய் நின்றான். யூட் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னான்.

"கேக்கல்ல" என்றான் ஹுனைஸ். "அண்டைக்கு போனில கத்தினீங்களாமே. அந்தக் குரல்ல சொல்லுங்க."

யூட் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். "ஹுனைஸ் நானா ஒண்டும் களவெடுக்கயில்ல. பொருள் எங்க இருக்கெண்டு எனக்குச் சொன்னவங்க. நான் கேக்காமப் பொலிசுக்குச் சொன்னன். பிழை என்னில."

ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. முத்தலிபு ஹாஜியார் முன்னுக்கு வந்து எல்லாருக்கும் கேட்க, "நாங்களும் அண்டைக்குக் கேட்டிரிக்கோணும்" என்றார். மாமனார் கண்ணைத் துடைத்தார்.

யூட் கையை நீட்டினான். "திங்கட்கிழமை வாறீங்கதானே?"

"இல்ல சேர்." ஹுனைஸ் கையைக் கொடுக்கவில்லை. கோபம் இறங்கிவிடும் என்றுதான் அவனும் நினைத்திருந்தான். அது இறங்கவில்லை. இவ்வளவு சின்ன வார்த்தைக்கு ஒரு கிழமையும் மூன்று பெண்களின் இரண்டு நாள் சம்பளமும் தேவைப்பட்டதே என்று இன்னும் கூடத்தான் ஏறியது.

தை பிறந்து பத்தாம் நாள் ஆலங்குடாவில் வேறொரு லொட்ஜ் அவனைக் கூப்பிட்டது. அங்கேயும் ஒரு சுருட்டுப் பெட்டி. முதலாளி பெண், ருஷ்தா என்று பெயர். வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே, "இதுகள உரிச்சு வைக்கிறதா, கடதாசியோடயா?" என்று அவள் கேட்டாள்.

"கடதாசியோட" என்றான் ஹுனைஸ். "உரிக்கோணுமெண்டா உரிக்கலாம். ஆனா நீங்க சொன்னீங்கண்டு எழுதிக் கையொப்பம் வெச்சுத் தரோணும். நான் இல்லாத நேரம் ஆரும் இதத் துறக்கக் கூடாது. சம்மதமெண்டா வாறன்."

அவன் குரல் தேவைக்கு மேல் உரத்திருந்தது. அவள் மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்து, அவன் சொன்னதை அப்படியே எழுதத் தொடங்கினாள்.