கடைசி மாடிப் புறா

நாற்பது வயதாகியும் லைன்மேனுக்கு ஒரு படத்தின் முடிவு தெரியாது. பன்னிரண்டு வயதில் தியேட்டரில் பார்த்துக்கொண்டிருந்தபோது, சிவப்புப் போர்வை வீரன் வில்லன்மேல் பாய்ந்த அந்த நொடியில் கரண்ட் போனது. போனது போனதுதான். அன்றிலிருந்து யாராவது முடிவைச் சொல்ல வாயைத் திறந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடுவார். அந்தப் படத்தை வைத்து வந்த பழைய வீடியோ கேமை ஜெயித்துத்தான் முடிவைப் பார்ப்பேன் என்று சபதம் வேறு. படத்தையே போட்டுப் பார்த்தால் என்ன என்று மனைவி கேட்டால், அது குறுக்கு வழியாம்.

அது மனுஷன் ஆடுகிற கேமா? படத்தில் வானத்தில் பறந்தவன் இதில் மாடிக்கு மாடி தாவ வேண்டும். லாரி மோதினால் துடைத்துவிட்டு எழுந்திருப்பான். புறாவின் சிறகு பட்டால் செத்தான். மூன்றே உயிர். மூன்றும் போனால் முதலிலிருந்து. பாதி ஆட்டத்தைச் சேமித்து வைக்கவும் வழியில்லை.

அன்று காலை, ஒற்றை உயிரோடு கடைசி மாடிக்கே வந்துவிட்டார். அதற்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்து, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு ஓடினார்.

"பத்து மணிக்கு உங்க தெரு லைனை நிறுத்தணும்யா. கம்பி மாத்துறோம்" என்றார் ஃபோர்மேன்.

கரண்ட் போனால் நிறுத்தி வைத்த ஆட்டமும் போய்விடும் என்பது லைன்மேனுக்கு அப்போதுதான் உறைத்தது. தெரு முழுக்க மின்தடை நோட்டீஸ் ஒட்டியவரே அவர்தான். தன் வீட்டுக் கதவில் மட்டும் ஒட்டவில்லை. நமக்குத் தெரியாததா என்ற தெனாவட்டு.

லைனை நிறுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் கைப்பிடியை ஒரு கையால் பிடித்தபடி மனைவிக்குப் போன் போட்டார். "நீயே ஆடி முடிச்சிடு! அஞ்சு நிமிஷந்தான் இருக்கு!"

"எனக்கென்னங்க தெரியும்? இங்க புறா வருது."

"தாவு! தாவு!"

"சும்மா நின்னா அது பாட்டுக்குப் போயிடுதுங்க."

இத்தனை வருஷத்தில் லைன்மேன் ஒருமுறைகூடச் சும்மா நின்றதில்லை.

"ஐயோ!" என்றாள்.

"என்ன, செத்துட்டேனா?"

"வில்லன் விழுந்துட்டான். இருங்க, என்னமோ காட்டுறான்... முடிஞ்சிடுச்சுங்க! என்ன ஆச்சுன்னா..."

பழக்க தோஷம். இரண்டு கையும் தானாகக் காதுக்குப் போயின. போன் சாக்கடையில் விழுந்தது.

"என்னய்யா, ஏதாவது வெடிச்சிடுச்சா?" என்று ஃபோர்மேனும் காதைப் பொத்திக்கொண்டார். லைன்மேன் கைப்பிடியை இழுத்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடினார். கரண்ட் இல்லாததால் அழைப்பு மணி அடிக்கவில்லை. கதவைத் தட்டினார். மனைவி வந்து திறந்தாள்.

"இப்ப சொல்லு. கடைசியில என்னதான் ஆச்சு?"

"வில்லனை அடிச்சதும் அந்த வீரன் நேரா வீட்டுக்குப் போறான். கதவைத் தட்டுறான். பொண்டாட்டி வந்து திறக்கிறா."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். இதே மாதிரிதான் நின்னாங்க."

லைன்மேனுக்கு அழுகை முட்டியது. ஜெயித்தது தான் இல்லையே என்ற பொறாமையும் கூடவே வந்தது. வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க" என்றாள்.