மூடுபனி வாரத்து விலக்கு

அக்போதா வெள்ளைத் தாளும் பேனாவுமாக என் அறைக்குள் வந்தபோதே எதற்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் எது கெட்டுப்போனாலும் யாராவது ஒருவர் கைப்பட விளக்கக் கடிதம் எழுத வேண்டும். கணினியில் அடித்தால் செல்லாது. இந்த முறை முந்நூற்றுப் பன்னிரண்டு பயணிகளின் பாஸ்போர்ட் நகல்கள் எங்கள் விமான நிறுவனத்திலிருந்து களவு போயிருந்தன. களவாடிய நிரல் உள்ளே நுழைந்தது அவளுடைய கணினி வழியாக.

"நார்தாய் அகாய், எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் பாஷையெல்லாம் வராது. நீங்க சொல்லச் சொல்ல எழுதிக்கிறேன். நாலு மணிக்குள்ள குடுக்கலன்னா மாகிரா அப்பாய் என்னை முழுங்கிடுவாங்க." வயதில் மூத்த ஆணை அகாய் என்றும் பெண்ணை அப்பாய் என்றும் அழைப்பது எங்கள் வழக்கம்.

"முழுங்கினா உள்ள போயும் பேசிக்கிட்டே இருப்ப. அவங்களுக்குத்தான் கஷ்டம்."

சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்திருக்கக் கூடாது.

பயணிகள் எங்களைக் கொண்டாடியதற்கு அவள்தான் காரணம். பளபளப்பான வீடியோக்களையும் தள்ளுபடி அறிவிப்புகளையும் யாரும் பகிரவில்லை. சமூக ஊடகத்தில் அவள் பயணிகளுக்கு எழுதும் பதில்களைத்தான் பகிர்ந்தார்கள். எங்கள் அல்மாட்டி நகரில் பனிமூட்டம் இறங்கி விமானங்கள் நின்றுவிட்டால், மற்ற நிறுவனங்கள் வாய் திறப்பதற்குள் பெயர் சொல்லி, கேட்டவரின் மொழியிலேயே, ஒரு கேலியோடு பதில் போட்டிருப்பாள். எவ்வளவு சீக்கிரம் பதில் போகிறதோ அவ்வளவு பேர் நம் பக்கம் என்று மேலிடம் கணக்கெடுத்துக் கண்டுபிடித்தது. அதன் பிறகு, பயணிகள் அனுப்பும் படங்களையும் பாஸ்போர்ட் நகல்களையும் ஒரே கோப்புறையில் சேர்த்துத் தானாகவே திறந்து வைக்கும் நிரல் ஒன்றை அவளுக்குக் கொடுத்தார்கள்.

அங்கேதான் என் தகவல் பாதுகாப்பு வேலை குறுக்கிட்டது. இன்றைய வைரஸ்களை முகத்தை வைத்துப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு முறை பரவும்போதும் தன் வரிகளைத் தானே மாற்றி எழுதிக்கொள்ளும். நேற்றைய அடையாளம் இன்றைக்கு உதவாது. அதனால் நான் அமைத்திருந்த காவல் நிரல் நடத்தையைப் பார்த்தது. யார் ஒரேயடியாக நிறையக் கோப்புகளைத் திறக்கிறார்கள், யார் வெளியே அனுப்புகிறார்கள் என்று. அக்போதாவின் நிரலும் அதையேதான் நாள் முழுக்கச் செய்தது. டிசம்பர் மூடுபனி வாரத்தில் நாளுக்கு நாற்பது முறை அலறல். ஒவ்வொன்றையும் நான் பார்த்து அனுமதிக்கும்வரை அவள் பதில்கள் நின்றன.

"உங்க காவல்காரன் என் கழுத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான் அகாய்! ஆயிரம் பேர் ஏர்போர்ட்ல காத்துக் கிடக்கிறாங்க," என்று அன்று கதவருகே நின்று கத்தினாள்.

அந்தக் கோப்புறையை மட்டும் கண்காணிப்பிலிருந்து விலக்கினேன். பனி விலகும்வரை, ஒரே வாரம் என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம், "சரி பண்ணிட்டேன்," என்று மட்டும் சொன்னேன். பனி விலகியது. அமைதி பழகிவிட்டது. மார்ச் வந்தது. காணாமல் போன பெட்டியின் படம் என்ற பெயரில் அந்த வைரஸ் வந்தது. யாரும் பார்க்காத ஒரே இடத்தில் இறங்கி, சாவகாசமாக முகத்தை மாற்றிக்கொண்டே இருந்தது.

"எழுது," என்றேன். "வெளியிலிருந்து வந்த கோப்பைச் சரிபார்க்காமல் திறந்துவிட்டேன்."

எழுதினாள். பள்ளிப் பெண்ணைப் போல உருண்டையான எழுத்து.

"இதனால் ஏற்பட்ட இழப்புக்கு நானே பொறுப்பு."

பேனா நின்றது. "அகாய், ஒண்ணு கேக்கட்டுமா? உங்க காவல்காரன் எதுக்கெடுத்தாலும் கத்துவானே. இதுக்கு மட்டும் ஏன் கத்தல?"

ஜன்னலுக்கு வெளியே மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் ஒன்று நின்று, கிளம்பிப் போனது.

"அது தன்னைத் தானே மாத்திக்கிற வகை. பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதனால்தான் சொல்ல முடிந்தது.

"அப்பாடா," என்றாள். "நீங்களும் மாட்டிக்குவீங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்." பிறகு, நான் சொல்லாமலேயே, குனிந்து ஏதோ எழுதினாள்.

தொழில்நுட்பமாக ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று என்னையும் கூட அழைத்துக்கொண்டு போனாள். பணியாளர் பிரிவின் தலைவி மாகிரா அப்பாய் கடிதத்தை வாங்கி, வரவு எண் போட்டு முத்திரை குத்திவிட்டுத்தான் படிக்கத் தொடங்கினார். கடைசி வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார்.

"'தகவல் பாதுகாப்புப் பிரிவினர் மீது எந்தத் தவறும் இல்லை.' இதை யாரு உன்னைக் கேட்டா, பொண்ணே?" பிறகு என்னைப் பார்த்தார். "நீ சொல்லிக் குடுத்தியா நார்தாய்?"

"அந்த வரி அவளோடது. மத்ததெல்லாம் நான் சொன்னது." முத்திரையைப் பார்த்தபடி தொடர்ந்தேன். "அந்தக் கோப்புறைக்குக் காவலை எடுத்தது நான்தான் அப்பாய். டிசம்பர்ல எடுத்தேன். திரும்பப் போடவே இல்ல. போட்டிருந்தா முதல் நகல் வெளியே போறதுக்குள்ள பிடிச்சிருக்கும்."

அக்போதா என் பக்கம் திரும்பினாள். கோபத்தை எதிர்பார்த்திருந்தேன்.

"நான் கேட்டேனே அகாய்," என்றாள் மெதுவாக. "நேராவே கேட்டேனே."

பிறகு மாகிரா அப்பாய் பக்கம் திரும்பினாள்.

"அதைத் திருப்பிக் குடுங்க அப்பாய்," என்று கை நீட்டினாள்.

"முத்திரை விழுந்தாச்சு. இனி எடுக்க முடியாது. வேணும்னா ரெண்டாவது கடிதம் எழுதிச் சேர்த்து வை. விசாரணைக் குழு ரெண்டையும் படிக்கும். எதை நம்புவாங்கன்னு நான் சொல்ல முடியாது." மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்றை அவளிடமும் ஒன்றை என்னிடமும் கொடுத்தார்.

அவள் தன் நாற்காலியை எனக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். நடுவில் ஒரு சொல்லில் தடுக்கினாள் போலிருக்கிறது. பேனா நின்றது. "விலக்கு," என்று எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன்.

அவள் மாகிரா அப்பாயிடம் கேட்டு எழுதிக்கொண்டாள்.