மூன்று பள்ளிகளில் ஒரு பெயர்

திண்டிவனத்தில் அக்கா கலையரசியின் வீட்டில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தபோது பிரபாவதிக்கு அந்த போன் வந்தது.

"நிறைமதியோட அம்மாவுங்களா? விழுப்புரத்துல ஸ்கூல்லேர்ந்து பேசறேங்க. பாப்பாவுக்கு ஒண்ணாங்கிளாஸ் அட்மிஷன் போட்டாச்சு. யூனிபார்ம் அளவு எடுக்க இன்னும் அழைச்சிக்கினு வரலியே? வேன் எங்க வந்து நிக்கணும்னும் சொல்லிடுங்க."

அதே பெயரில் வேறு குழந்தை இருக்கும், யாரோ எண்ணை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அந்தப் பெண் தகப்பன் பெயரையும் சொன்னாள்: புகழேந்தி, பிரபாவதியின் புருஷன். முகவரி, விழுப்புரத்தில் இருக்கும் புகழேந்தியின் அண்ணன் கோதண்டபாணியின் வீடு. அப்புறம் சொல்கிறேன் என்று பிரபாவதி போனை வைத்துவிட்டாள்.

புகழேந்திக்கு ஜெர்மனியில் வேலை. மூன்று பேரும் அங்கே போய் ஐந்து வருஷம் ஆகிறது. இப்போது லீவில் வந்திருந்தார்கள். நிறைமதிக்கு ஆறு வயது. திரும்பிப் போனதும் ஒன்றாம் வகுப்பு. எந்தப் பள்ளி என்பதுதான் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஓயாத பேச்சாக இருந்தது. குடியிருப்புக்குப் பக்கத்துத் தெருவில் அரசுப் பள்ளி. ஆறு வயதானதும் பள்ளிக்காரர்களாகவே பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள், பணம் கிடையாது. ஆனால் பாடமெல்லாம் ஜெர்மன். நாலாவது முடித்ததும் காலேஜுக்குப் போகிற பிள்ளை, தொழிலுக்குப் போகிற பிள்ளை என்று வேறு வேறு பள்ளிக்குப் பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த வயதில் ஒரு குழந்தையைப் பற்றி என்ன தெரியும்? இன்னொன்று ஊருக்கு வெளியே இருந்த தனியார் பள்ளி. ஆங்கிலம். எந்த நாட்டுக்குப் போனாலும் செல்லும் படிப்பு. சம்பளத்தில் பாதியை அது தின்றுவிடும். அங்கே இடம் வேண்டுமா வேண்டாமா என்று இந்த மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மண்டை காய்ந்து கிடந்தவளுக்கு விழுப்புரத்தில் மூன்றாவதாக ஒரு பள்ளி முளைத்திருந்தது.

"உன்னாண்ட கேக்காமயா சேத்தாரு?" என்றாள் கலையரசி.

"கேக்கவே இல்லக்கா. நீதான் உன் புள்ளைய பிரைவேட்லேர்ந்து கவர்மென்ட்டுக்கு மாத்தினியே. அப்ப எப்பிடி முடிவு பண்ண?"

கலையரசி முறத்தைத் தட்டிக்கொண்டே யோசித்தாள். "எங்க முடிவு பண்ணேன்? வேன்ல போனா புள்ள தினம் வாந்தி எடுத்துச்சு. மாத்திட்டேன். இப்ப டீச்சர் நல்லாத்தான் சொல்லித் தராங்க. அதுக்காக மாத்துனன்னு சொல்லிக்கிறேன். இங்கிலீஷ் போயிடுமோன்னு ஒரு நாளு பயமா இருக்கும். இன்னொரு நாளு, நல்ல வேளை மாத்துனம்னு இருக்கும். என்னாண்ட வந்து கேக்கறியே!"

நிறைமதியைக் கூட்டிக்கொண்டு பிரபாவதி அப்போதே விழுப்புரம் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்த குழந்தை கடைகளின் பெயர்ப்பலகைகளை எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்தது. ஆங்கில எழுத்துகளை ஜெர்மன்காரர்கள் மாதிரி உச்சரித்தது. தமிழில் இருந்ததைத் தாண்டிப் போனது.

பஸ் ஸ்டாண்டுக்குப் புகழேந்தி வந்திருந்தான். வெளியே இருந்த ஜூஸ் கடையில் குழந்தைக்கு ஒரு சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு அங்கேயே கேட்டாள்.

"ஏங்க, இங்க ஸ்கூல்ல பேரு குடுத்திருக்கீங்களா?"

அவன் முகம் சட்டென்று மாறியது. "அண்ணன்தான்... ஒரு சீட்டு இருக்குதுன்னாரு."

"மாமாவா கேட்டாரு, நீங்களா கேட்டீங்க?"

"நான்தான்."

"ஜெர்மனில எந்த ஸ்கூல்னு என்னாண்ட தினம் பேசிக்கினு, இங்க ஒண்ணு புடிச்சி வெச்சிருக்கீங்க. என்னங்க பேஜாரு இது?"

கூட்டம் போகிற பக்கம் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான். "எங்க டிபார்ட்மென்ட்ல ஆளக் கொறைக்கறாங்க பிரபா. நாலு பேர அனுப்பிட்டாங்க. அடுத்தது நானா இருக்கலாம். இல்லாமயும் போகலாம். வேல போனா பாதி வருஷத்துல புள்ளையத் தூக்கிக்கினு எங்க போறது? அதான்."

"என்னாண்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா பயப்படுவ."

திரும்பி வர வேண்டியிருக்கலாம் என்று அவன் சொன்னதும் பிரபாவதிக்கு முதலில் வந்தது பயமே அல்ல. அக்கா நாற்பது நிமிஷத் தூரத்தில் இருப்பாள் என்ற ஒரு சந்தோஷம். அது அடங்குவதற்குள், அங்கே தான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட பாஷையும், தனியாகப் போய்வரும் கடைகளும் ஞாபகம் வந்து, விட்டுவரத் தோன்றவில்லை. இதில் எது தன் மனசு என்று அவளுக்கே பிடிபடவில்லை. அழுகை வந்தது, எதற்கென்று அவன் கேட்டான், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் கோதண்டபாணி சமாதானம் சொன்னார். "சீட்டப் புடிச்சி வெச்சா தப்பாம்மா? வேணாம்னா உட்டுடு. வேணும்னா அப்ப கெடைக்குமா?"

"தப்புன்னு சொல்லல மாமா. ஆனா வேணுமா வேணாமான்னே எனக்குத் தெரியலியே."

மறுநாள் விழுப்புரம் பள்ளிக்குப் போன் செய்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் எடுத்தாள். "அப்ப கேன்சல் பண்ணிடவாங்க?" என்று அந்தப் பெண் கேட்டதும், "ரெண்டு நாள் பொறுங்களேன்" என்று வாயில் வந்தது. புகழேந்தி தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு இருவரும் சிரித்துவிட்டார்கள். வந்ததிலிருந்து அன்றுதான் சேர்ந்து சிரித்தார்கள்.

அந்த இரண்டு நாளும் ஒளிக்காமல் பேசினார்கள். வேலை நிலைக்குமா என்பது தெரியாது. தெரியாத ஒன்றுக்காகப் பாதிச் சம்பளத்தைக் கட்ட முடியாது. அந்தத் தனியார் பள்ளி கழிந்தது. ஜெர்மனிக்குத் திரும்பிப் போவதென்னவோ நிச்சயம். போகிற பிள்ளைக்கு இங்கே ஒரு சீட்டு எதற்கு? விழுப்புரமும் கழிந்தது. இந்தத் தடவை, வேண்டாம் என்பதைப் புகழேந்தியே போனில் சொன்னான்.

செப்டம்பரில் நிறைமதி பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிக்குப் போனாள். புகழேந்தியின் வேலை இன்னும் போகவில்லை, நிலைத்தது என்றும் யாரும் சொல்லவில்லை. ஏன் அந்தப் பள்ளி என்று கோதண்டபாணி போனில் கேட்டபோது, பணம் மிச்சம் மாமா என்றாள் பிரபாவதி. கலையரசி கேட்டபோது, நடந்தே போயிடுதுக்கா என்றாள். ஒரு நாள் நிறைமதியே கேட்டாள். பிரபாவதி அவள் தலையை வாரிக்கொண்டே வெகுநேரம் யோசித்துப் பார்த்தாள். "எனக்கும் சரியாத் தெரியல பாப்பா" என்றாள்.