கான்ட்ராக்டருக்கு ஒரு வாட்ச்மேன்

காலையில் எழுந்ததும் அவன் முதலில் மீன் தொட்டியின் விளக்கைப் போடுவான். பிறகு டீக்குத் தண்ணீர் வைப்பான். அது கொதிப்பதற்குள், ஃபில்டரில் பிடித்து வைத்த தண்ணீரை ஒரு ஜாடியில் எடுத்து உப்பைக் கரைப்பான். சமையல் உப்பு இல்லை. கடல் மீன்களுக்கென்றே வாளியில் அடைத்து விற்கும் உப்பு. மரக்கரண்டியால் கலக்கி, அடியில் ஒரு கல்கூடத் தங்கவில்லை என்று ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். தொட்டியின் கண்ணாடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருக்கும். முந்தின நாளிலிருந்து தண்ணீர் அந்தக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இறங்கியிருக்கும். கோடு வரைக்கும் ஊற்றுவான். உப்பளவு பார்க்கும் பிளாஸ்டிக் டப்பாவை முக்கி எடுப்பான். உள்ளே இருக்கும் முள், சரியான அளவுக்கான பச்சைப் பட்டையில் நிற்கும். ஒரு சிட்டிகை தீனி போடுவான். டீ குடிப்பான். சட்டைக்கு இஸ்திரி போட்டு, கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவான்.

அவள் போன பிறகு ஒரு நாளும் இது மாறவில்லை. முள்ளும் மாறவில்லை. தினமும் அதே பச்சைப் பட்டை, அதே இடம். வீட்டில் ஒன்றாவது சொன்னபடி நிற்கிறதே என்று அந்த முள்ளின்மேல் அவனுக்கு ஒரு மரியாதை.

தொட்டி அவளுடையது. கல்யாணமாகி அவள் கொண்டுவந்த சாமான்களில் அதுதான் பெரியது. நான்கு பேர் முக்கி முனகி மாடிக்கு ஏற்றினார்கள். உள்ளே இருந்தவற்றுக்கெல்லாம் பேர் வைத்தது அவள்தான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன், நாள் முழுக்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்துகொண்டு ஒரு வேலையும் செய்யாது என்பதால், மேனேஜர். பாறைக்கடியில் குழி தோண்டி, மணலை வாரிக்கொண்டு வந்து வெளியே கொட்டும் விரல் நீள இறால், கான்ட்ராக்டர்.

கான்ட்ராக்டருக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. கடலில் இந்த வகை இறால், குழியை ஒரு சின்ன மீனோடு பங்கு போட்டுக்கொள்ளும். இறால் வீடு கட்டும். மீன் வாசலில் காவல் நிற்கும். மீனின் வாலில் மீசையை வைத்தபடிதான் இறால் வெளியே வரும். ஆபத்து என்றால் வால் துடிக்கும், இரண்டும் ஒரே பாய்ச்சலில் உள்ளே. “இதுக்கொரு வாட்ச்மேன் பாக்கணும்” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பார்ப்பதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தது. இதயத்தில் ஒரு வால்வு. ஆபரேஷனுக்கு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை.

இப்போது தொட்டி சரியில்லை. நத்தைகள் ஒவ்வொன்றாகச் செத்தன. பூப்போல விரிந்து ஆடும் பவளம் கைக்குட்டை மாதிரி சுருண்டுகொண்டது. மேனேஜர் ரவுண்ட்ஸை நிறுத்திவிட்டு மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. கான்ட்ராக்டர் வெளியே தலைகாட்டியே பல நாளாயிற்று.

அவன் சும்மா இருக்கவில்லை. தீனியைக் குறைத்தான். ஃபில்டர் பஞ்சைப் பிழிந்து கழுவினான். செத்த நத்தைகளைப் பொறுக்கினான். கழிவு பார்க்கும் மருந்தைச் சொட்டுவிட்டு, கண்ணாடிக் குழாயில் வந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டான். பெயின்ட் கம்பெனியில் நிறம் ஒப்பிடுவதுதான் அவன் உத்தியோகம். அதில் தப்பு வராது. தண்ணீரில் கழிவு இல்லை, பளிங்கு மாதிரி இருந்தது. உள்ளே இருந்தவைதான் நாளுக்கு நாள் மோசமாயின.

அந்த நிலையில்தான் மாமியார் வந்தார். பையை வைத்தார், தொட்டிக்கு முதுகு காட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“மாப்பிள்ள, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லுங்க அத்தை.”

“கோவிச்சுக்கவும் மாட்டீங்க, சிரிக்கவும் மாட்டீங்க. உங்ககிட்ட பேசறதும் சுவத்துக்கிட்ட பேசறதும் ஒண்ணுதான். இந்தத் தொட்டிய மீன் கடைக்காரருக்குக் குடுத்துடலாம். ஞாயித்துக்கிழம வண்டியோட வரேன்னுட்டார்.”

“கடைக்குப் போயிட்டா வர்றீங்க?”

“வர்ற வழிதானே. அவ என்ன எத்தன தடவ இழுத்துட்டுப் போயிருப்பா.” புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். “அவ வளத்ததுங்க. உங்க கண்ணெதிர ஒவ்வொண்ணா சாகறதுக்கு, அங்க போயாவது பொழச்சுக்கட்டும். இந்த பம்ப் சத்தம் கேட்டா அவ எந்திரிச்சு நடமாடற மாதிரியே இருக்கு. உங்களுக்கு இல்லையா?”

அவனுக்கும் அப்படித்தான் இருந்தது. அதற்காகத்தான் அந்தச் சத்தம் அவனுக்கு வேண்டியிருந்தது. ஆனால் சாகிற மீனை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“ஞாயிறு வர இன்னும் நாளிருக்கு அத்தை.”

“நாளிருந்தா? வராம போயிடுமா?”

மறுநாள் காலையும் அதே ஜாடி, அதே கரண்டி. அத்தை டீயோடு வந்து நின்றார். அவன் ஊற்றப் போனபோது கேட்டார்:

“எடுத்த தண்ணியக் கொட்டியாச்சா?”

“எந்தத் தண்ணி?”

“மொதல்ல எடுப்பாளே. ஒரு குழாய உள்ள விட்டு, இந்த முனைல வாய வெச்சு உறிஞ்சுவா. கருமம், அதுக்கு எத்தன திட்டு வாங்கியிருப்பா! ஒரு வாளி எடுத்துட்டுத்தான் ஒரு வாளி ஊத்துவா. நான் வந்தா அத பாத்ரூம்ல கொண்டுபோய்க் கொட்டறது என் வேலை. முட்டி வலிக்குதுடின்னா, ‘எக்ஸர்சைஸ்மா, டாக்டருக்குக் குடுக்கற காசு மிச்சம்’பா.”

“தினமுமா?”

“தினம் எங்க? ஞாயித்துக்கிழம மட்டும். மத்த நாள் வெறும் தண்ணிதான்.”

ஜாடி கையிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் நேரம் கழித்து எழுந்திருப்பான். கண்ணைக் கசக்கிக்கொண்டு கூடத்துக்கு வரும்போது அவள் உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருப்பாள். எடுத்ததை அவன் பார்த்ததில்லை. ஊற்றியதை மட்டும் பார்த்திருக்கிறான். பார்த்ததை அச்சு மாறாமல் தினமும் செய்துகொண்டிருக்கிறான்.

தண்ணீர் காற்றோடு போகும், உப்பு போகாது. போனது வெறும் தண்ணீர். அதன் இடத்தில் அவன் காலைக்குக் காலை உப்பைச் சேர்த்திருக்கிறான். பள்ளிக்கூடத்துப் பாடம் இது. அவன் அதற்கு மேலும் வேதியியல் படித்துப் பட்டம் வாங்கியவன்.

அப்படியானால் அந்த முள்?

டப்பாவை எடுத்தான். காலியாகவே தலைகீழாகக் கவிழ்த்தான். முள் அசையவில்லை. குலுக்கினான். பச்சைப் பட்டையைவிட்டு இம்மி நகரவில்லை. முள் சுழலும் இடத்தில் உப்புப் பூத்து இறுகிப் போயிருந்தது. வெந்நீரில் கொஞ்சம் வினிகர் விட்டு ஊறவைத்தான். உப்பு கரைந்து முள் தொங்கியது. அலசிவிட்டு மறுபடி தொட்டியில் முக்கினான். முள் பச்சைப் பட்டையைத் தாண்டி விறுவிறுவென்று ஏறி, மேலே போய் டக்கென்று இடித்தது.

“என்ன மாப்பிள்ள? ஏன் இப்படி நிக்கறீங்க?”

“மேனேஜர ஊறுகாய் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன் அத்தை.”

அத்தை ஒரு கணம் விழித்தார். பிறகு டீ சிந்தச் சிரித்தார். அவனுக்கும் என்னவோ வந்தது. இருமல் மாதிரிதான் வெளிப்பட்டது, ஆனால் சிரிப்புதான்.

“அப்ப வெறும் தண்ணிய மளமளன்னு ஊத்துங்க!”

“மளமளன்னு ஊத்தினா இப்பவே செத்துடும். ஏறின மாதிரியே கொஞ்சம் கொஞ்சமாத்தான் எறக்கணும்.”

“அதுக்குள்ள ஞாயிறு வந்துடுமே.”

“வரட்டும்.”

ஆபீசுக்கு லீவு சொன்னான். காலையில் தொட்டியிலிருந்து அரை வாளி உப்புத் தண்ணீரை எடுத்து, அதே அளவு வெறும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டான். சாயங்காலம் இன்னொரு அரை வாளி. முள் கோடு கோடாக இறங்கியது. குழாயை வாயால் உறிஞ்சியபோது அத்தை முகத்தைச் சுளித்தார். மகளைத் திட்டிய அதே வார்த்தையால் திட்டினார். ஆனால் வாளியை அவன் தூக்க விடவில்லை. “என் வேலை” என்று பிடுங்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனார். நடுவில் எப்போதோ நாற்காலி திரும்பிவிட்டது. தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்.

“மாப்பிள்ள! மேனேஜர் சீட்ட விட்டு எந்திரிச்சுட்டார்!”

ஓடி வந்து பார்த்தான். நிஜம்தான். பாதித் தொட்டி வரைக்கும் போய், ஏதோ மறந்தவர்போலத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அடுத்த நாள் பவளம் ஓரமாக விரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் வண்டியோடும் பெரிய வாளிகளோடும் வந்து சேர்ந்தார். குனிந்து நெடுநேரம் பார்த்தார். உப்பளவு பார்க்கும் தன் கருவியில் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

“இன்னும் துளி எறங்கணும். மத்தபடி நல்லாத்தானே இருக்கு. இத எதுக்குத் தூக்கச் சொன்னீங்க?”

“யாரு தூக்கச் சொன்னது?” என்றார் அத்தை.

“நீங்கதாம்மா. கடைக்கு வந்து...”

“டீ குடிக்க வாங்கன்னு கூப்பிட்டேன். வண்டி வாளியெல்லாம் நீங்களா கொண்டாந்தா நான் என்ன பண்றது? சக்கர போடலாமா?”

கடைக்காரர் அவனைப் பார்த்தார். அவன் பம்பைப் பார்த்தான். டீ வந்தது. குடித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்: “தண்ணி சரியானதும் ஒரு மீன் விடலாம். நெறைய வேணாம், ஒண்ணு போதும். இறாலுக்குக் காவல் மீன் விட்டீங்கன்னா அது வெளிய வந்து நடமாடும். இல்லன்னா குழிக்குள்ளயேதான் கெடக்கும்.”

“மீன் வேணாம்.”

அவன் சொன்ன வேகத்தைப் பார்த்து அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். கடைக்காரர் போன பிறகு அத்தை கேட்டார். “ஏன் வேணாம்?”

“வேணாம் அத்தை. அவ்வளவுதான்.”

சுவர் மறுபடி சுவராகிவிட்டது என்று அத்தை விட்டுவிட்டார்.

முள் பச்சைப் பட்டைக்கு வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் கான்ட்ராக்டர் வேலையைத் தொடங்கியது. அவன் தரையில் உட்கார்ந்து பார்த்தான். ஒரு கல்லைத் தள்ளிக்கொண்டு குழி வாய்க்கு வந்தது. மீசையை நீட்டி இடது பக்கம் தேடியது. வலது பக்கம் தேடியது. தொட ஒன்றும் இல்லை. கல்லை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டது. இன்னொரு கல்லோடு வந்தது. மறுபடி இடது, வலது. மறுபடி வாசலிலேயே. இப்படியே போனால் தன் வாசலைத் தானே அடைத்துக்கொண்டுவிடும்.

அவன் எழுந்து செருப்பை மாட்டினான்.

“கடை மூடறதுக்குள்ள போயிட்டு வந்துடலாமா அத்தை?”

அத்தை ஏன் என்று கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டார்.

கடையில் காவல் மீன்கள் ஒரே தொட்டியில் இருந்தன. மஞ்சளாக ஒன்று, சிவப்பு வரி போட்டு ஒன்று, நீலப் புள்ளி தெளித்து ஒன்று. அவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த பழுப்பு மீனைக் காட்டினான்.

“அதுவா?” என்றார் அத்தை. “இத்தன அழகா இருக்கறப்ப அதுவா? ராத்திரி டியூட்டி முடிச்சுட்டு வந்தவன் மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கு!”

“வாட்ச்மேன்னா பின்ன எப்படி இருக்கும்?”

வீட்டில் மீன் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு தண்ணீரின் சூட்டைச் சமன் செய்தான். பிறகு மீனைக் கிண்ணத்துக்கு மாற்றி, முடிச்சுப் போட்ட மெல்லிய குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டவிட்டான். பொறுமையாக விட்டான். கடைசியில் வலையால் அள்ளி உள்ளே விட்டபோது, மேனேஜர் வந்து ஒரு சுற்றுச் சுற்றி விசாரித்துவிட்டுப் போனது. பழுப்பு மீன் அடியில் இறங்கி மணலோடு மணலாக நின்றது. மெல்ல நகர்ந்து பாறை ஓரம் போனது. குழி வாசலில் நின்று, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டது.

உள்ளிருந்து ஒரு மீசை வந்தது. இடது பக்கம் தேடியது. வலது பக்கம் வந்தபோது வாலில் பட்டது. அங்கேயே நின்றுவிட்டது.

பிறகு கான்ட்ராக்டர் கல்லைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. முழு உடம்பும்.

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

“மாப்பிள்ள,” என்றார் அத்தை, தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஆபரேஷன் அன்னிக்கு நான் டீ வாங்கப் போயிருந்தேன். வர்றதுக்குள்ள உள்ள கொண்டுபோயிட்டாங்க. ‘அவரப் பாத்துக்கோங்க’ன்னு அவ கடைசியா சொன்னதா அவ தம்பி ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கான். அவன் அங்க இல்லவே இல்ல. நீங்கதான் இருந்தீங்க. நெசமா என்ன சொன்னா?”

இதுவரை யாரும் அவனிடம் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் மைத்துனனே பதில் சொல்லிவிட்டிருந்தான்.

“ஸ்ட்ரெச்சரோட கூடவே நடந்தேன். அந்தக் கதவு வரைக்கும்தான் விடுவாங்க. ‘நான் வர்ற வரைக்கும் மீன் கீன் எதுவும் வாங்கி உள்ள விட்டுடாதீங்க’ன்னா.”

அத்தை பழுப்பு மீனைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

“‘உங்க செலக்‌ஷன் லட்சணம் எனக்குத் தெரியும்’னா. நான் விடுவேனா? ‘உன்னையும் நான்தானே செலக்ட் பண்ணேன்’னேன்.”

“அதுக்கு?”

கதவு திறந்துகொண்டிருந்தது. அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

“அதனாலதான் சொல்றேன்.”