பதினோராவது தட்டு

ஜெபா டீச்சரின் மாலை வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போனதும், உடம்பில் இன்று எந்த இடம் இறுகியிருந்தது, எது தளர்ந்தது என்று நாலு வரி எழுத வேண்டும். மற்றவர்கள் எழுதுகிறார்களோ இல்லையோ, நான் எழுதிவிடுவேன். இன்று வகுப்புக்குப் போகவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். இறுகிய இடம் தாடை. காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் கடித்த பல்லை இன்னும் விடவில்லை.

கோபம் வந்தால் எனக்கு முன்னே பின்னே குழம்பிவிடும். என்மேல் தப்பு, அவர்கள்மேல் தப்பு என்று மாறி மாறித் தோன்றும். அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

என் அக்கா வெங்கடேஸ்வரிக்கு யோகா என்றால் உயிர். பேண்டேஜ் துணி மில்லில் பகல் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, ராஜபாளையத்தில் உரக்கடை மாடியில் நடக்கும் வகுப்புக்கு ஓடுவாள். என்னையும் அவள்தான் இழுத்துப் போனாள். நான் குனிந்தால் எங்காவது ஓர் எலும்பு முனகும். அவள் குனிவது வெளியே தெரியாது. நெற்றி முழங்காலில் பட்ட பிறகுதான் குனிந்திருக்கிறாள் என்று தெரியும். டீச்சர் வராத நாளில் வகுப்பை அவளே நடத்துவாள்.

போன ஆவணியில் அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தோம். வினோத் மச்சான் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். பெண் பார்க்க வந்த அன்றே அப்பா யோகாவைப் பற்றிச் சொன்னார். அதற்கென்ன, தாராளமாகச் செய்யட்டும் என்றார் மச்சான். அவருடைய அம்மா பெத்தம்மாள் அத்தையும் தலையாட்டினார். கல்யாணத்துக்குப் பிறகு பேச்சு மாறியது. முதலில், விருந்தெல்லாம் முடியட்டும் என்றார்கள். அப்புறம், மழை முடியட்டும் என்றார்கள். கடைசியில், கல்யாணமான பெண் காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று அத்தை கேட்டுவிட்டார். போனில் நான் விசாரிக்கும்போதெல்லாம், நேரமில்லை என்பதோடு அக்கா முடித்துக்கொள்வாள்.

மார்கழியில் ஜெபா டீச்சர் ஒரு செய்தி சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் சாயங்கால யோகா வகுப்பு எடுக்க ஆள் கேட்கிறார்கள். டீச்சர் அக்காவின் பெயரைச் சொல்லியிருக்கிறார். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று அவள் போய் நிற்க வேண்டும். போகாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். அக்காவிடம் போனில் சொன்னேன். "இங்க எப்படிக் கேக்கதுன்னு தெரியலட்டி" என்றாள்.

எங்கள் பக்கம், கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கப்படி போக வேண்டும். முதல் பொங்கல் என்றால் பித்தளைப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள்குலை, காய், பழம், சேலை வேட்டி என்று தட்டுத் தட்டாகப் போகும். அது அம்மா அப்பா பாடு. நான் என் சம்பளத்தில் அக்காவுக்கென்று தனியாக ஒன்று வாங்க நினைத்தேன்.

என்ன வாங்குவது என்று எல்லோரிடமும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அம்மா ஒரு டிபன் கேரியர் சொன்னாள். ஆபீசில் பக்கத்து சீட் அசீனா, போனில் பரிசுப் பெட்டிகளாகக் காட்டினாள். சம்மணம் போட்ட பொம்மை, மெழுகுவத்தி, தாமரை போட்ட தண்ணீர் பாட்டில். யோகா பிடிக்கும் என்று சொன்னால் போதும், சும்மா உட்கார்ந்திருக்கிற பொம்மையைத்தான் நீட்டுகிறார்கள். அந்தப் பொம்மையை வைத்துக்கொண்டு அக்கா எதைச் செய்வாள்?

அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும். எனக்குத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான், அதிலிருந்து தொடங்கினேன். வகுப்பில் இருக்கும் பழைய விரிப்பில் அவள் கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கும்போது கை மெல்ல முன்னால் வழுக்கும். ஒரு துண்டைப் போட்டுச் சமாளிப்பாள். பஜாரில் விளையாட்டுச் சாமான் கடையில் இருந்த யோகா பாய்களெல்லாம் மெத்து மெத்தென்று பூப்போட்டவை. டீச்சர் அவற்றை வேண்டாம் என்றார். மெத்தென்று இருந்தால் மணிக்கட்டு நோகும், ஈரம் பட்டால் வழுக்கும், மெலிசான ரப்பரில் வாங்கு என்றார். அப்படி ஒன்றைக் கடைக்காரரிடம் வரவழைத்துத் தரச் சொன்னேன். வந்ததும் கடைத் தரையிலேயே விரித்து, கையை நனைத்து ஊன்றிப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார். கை நகரவில்லை. கரும்பச்சை நிறம். அக்காவின் பழைய தாவணியில் அதற்கு ஒரு நீளப் பை தைத்தேன். தையல் ஓரிடத்தில் கோணிவிட்டது. பிரித்து மறுபடி தைத்தேன்.

கையில் கொடுத்திருக்க வேண்டும். பைக்குள் வைத்துக் கொண்டுபோய், அடுப்படியில் யாரும் இல்லாதபோது அவள் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

இன்று காலை லோடு ஆட்டோ வாசலில் வந்து நின்ற பிறகுதான், தட்டுகள் பத்துதான் இருப்பதை அம்மா பார்த்தாள். சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். காயையும் கிழங்கையும் ஒன்றாக வைத்ததில் ஒரு தட்டு குறைந்துவிட்டது. பிரித்து வைத்தால் இரண்டும் அரைத்தட்டாகத் தெரியும் என்றாள். டிரைவர் ஹாரன் அடித்தார். அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, அந்தச் சுருட்டி வைத்திருக்கிறதைத் தூக்கித் தட்டில் வை என்றாள்.

அம்மா சொன்னாள் என்று தப்பித்துக்கொள்ள முடியாது. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நான் போட்ட கணக்கு இது: சீரை யாரும் மறுக்க முடியாது. தெருவே பார்க்க இது சீராக உள்ளே போனால், யோகாவையும் அவர்கள் மறுக்க முடியாது. நானே அதன்மேல் வெற்றிலையும் மஞ்சளும் வைத்தேன். தட்டைத் தூக்கிப் போனதும் நான்தான்.

அம்மா வீட்டில் இருந்துகொண்டாள். அத்தை வீட்டு ஹாலில் நானும் அப்பாவும் தட்டுகளைப் பரப்பி வைத்தோம். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்தார்கள். மச்சானின் அக்கா கோதைநாச்சியும் வந்திருந்தார். அவரை மதுரையில் கொடுத்திருக்கிறது. இந்த வீட்டிலிருந்து தனக்கு வரவேண்டிய பொங்கப்படியை அவரே காரில் வந்து வாங்கிப் போவார். அத்தை, மகளுக்குப் படி கட்ட ஆரம்பித்தார். எங்கள் தேங்காயில் கொஞ்சம், எங்கள் வெல்லத்தில் கொஞ்சம். அது ஊர் வழக்கம், அதில் எனக்குக் கோபம் இல்லை.

பிறகு பதினோராவது தட்டுக்கு வந்தார். இது என்ன பாயா என்று கேட்டார். யோகா பாய், அக்காவுக்கு என்றேன். பள்ளிக்கூடத்தைப் பற்றி அப்போதே பேசியிருக்கலாம். அதற்குள் கோதை மதினி பையிலிருந்து அதை உருவி, தடவிப் பார்த்து, இடுப்பு வலிக்கு டாக்டர் யோகா செய்யச் சொன்னதையும், மதுரையில் ஒரு வகுப்பில் சேர்ந்திருப்பதையும் சொன்னார்.

"அப்ப நீயே எடுத்துக்கோ" என்றார் அத்தை. "இங்க யாரு செய்யப்போறா."

நான் தைத்த பையை மதினி தட்டிலேயே போட்டுவிட்டார்.

அக்கா அடுப்படி வாசலில் காப்பித் தட்டோடு நின்றாள். சிரித்த முகமாகவே நின்றாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தை, அது அக்காவுக்குன்னு வாங்குனது" என்றேன். குரல் உடைந்து கீச்சென்று வந்தது.

"படியில வந்தா அது வீட்டுக்குத்தானம்மா. ஒங்கம்மா சொல்லித் தரலயா?" என்றார் அத்தை. பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். அப்பா தன் காப்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு, "ஏட்டி, சும்மா இரி" என்றார். சம்பந்தி வீட்டில் காலெடுத்து வைத்தால் என் அப்பா தங்கச்சாமிக்குக் கழுத்து பாதியாகக் குறைந்துவிடும்.

அக்காவின் பின்னாலேயே அடுப்படிக்குள் போனேன். நீ ஏன் சிரித்துக்கொண்டு நிற்கிறாய், உனக்குச் சொரணை இல்லையா என்று கேட்டேன். அவள் பால் சட்டியைத் தேய்த்துக்கொண்டே, திரும்பாமல் பேசினாள்.

"நீ எதுக்குட்டி அதத் தட்டுல வச்ச? கையில குடுத்திருந்தா எம் பீரோவுக்குள்ள போயிருக்கும்."

பிறகு சொன்னாள். தினமும் விடியுமுன் துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டைமாடிக்குப் போய், ஒரு பழைய சாக்கை விரித்து அதன்மேல் செய்துகொண்டிருந்திருக்கிறாள். மச்சானுக்குக்கூடத் தெரியாது. "இனி மாடிக்குப் போனாலே ஒரு கண்ணு கூடவே வரும். ஊரக் கூட்டிக் காமிச்சிட்டல்ல" என்றாள்.

பள்ளிக்கூடம் என்று ஆரம்பித்தேன். அவள் சட்டியை டங்கென்று கவிழ்த்தாள்.

அப்போதுதான் ஹாலிலிருந்து கோதை மதினியின் குரல் வந்தது. பாயில் எந்தப் பக்கம் மேலே வரும் என்று கேட்டார். அத்தையும் கூப்பிட்டார். "ஏட்டி வெங்கடேசு, ஒனக்குத்தான் தெரியுமே. கோதைக்கு ரெண்டு செஞ்சு காமி."

காலைத் தூக்கினால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்ட அதே வாய். அக்கா கையைத் துடைக்கவில்லை. ஈரக் கையோடு அப்படியே வெளியே போனாள். நானும் போனேன்.

தட்டுகளுக்கு நடுவில் பாய் தலைகீழாக விரிந்துகிடந்தது. அக்கா அதைத் திருப்பிப் போட்டாள். மண்டியிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி அழுத்தினாள். கை நகரவில்லை. எல்லோரும் அவள் செய்து காட்டுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பாயை ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டினாள். தட்டில் கிடந்த பையை எடுத்து அதற்குள் நுழைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"மதினி, இது எந்தங்கச்சி எனக்கு வாங்குனது. ஒங்க இடுப்புக்கு எது தோதுன்னு சொல்லுதேன், மதுரையிலயே கிடைக்கும்."

மதினிக்கு முகம் கறுத்தது. அத்தை கோபப்படவில்லை, தட்டுகளை விரலால் காட்டினார். "பதினொன்னா வந்த சீரு. ஒன்ன எடுத்தா ரெட்டப்படை. தலப்பொங்கலுக்கு நல்லாவா இருக்கு?"

"அப்ப இன்னொன்னையும் எடுத்துக்கிடுதேன் அத்தை. ஒம்போதாயிரும்" என்றாள் அக்கா.

எடுத்தது பானைத் தட்டை. மஞ்சள் கட்டிய பித்தளைப் பானை அவள் இடுப்பில் ஏறியது. ஒரு மருமகள் தன் பொங்கப் பானையைத் தனியாகத் தூக்கினால் அதற்கு எங்கள் ஊர்களில் ஒரே அர்த்தம்தான்: இனி என் அடுப்பு வேறு. பக்கத்து வீட்டுப் பெண்களின் சிரிப்பு நின்றது. அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

வினோத் மச்சான் அவ்வளவு நேரமும் வாசல்படியில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தார். இப்போது நிமிர்ந்து, "யம்மா, அந்தப் பாய விட்டுரும்மா" என்றார்.

"பானையக் கீழ வைக்கச் சொல்லு" என்றார் அத்தை.

அக்கா வைக்கவில்லை. மச்சானைப் பார்த்து மட்டும் பேசினாள். "பள்ளிக்கூடம் தொறந்ததும் சாயங்காலம் யோகா வகுப்பு எடுக்கப் போறேன். பொண்ணு பாக்க வந்தன்னைக்கே ஒத்துக்கிட்டதுதான். இல்லன்னு சொல்லணும்னா இப்பவே, இவங்க எல்லாரு முன்னாடியும் சொல்லிருங்க."

அவர் தரையைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். "போயிட்டு வா" என்றார்.

அக்கா பானையை இறக்கி அதன் தட்டிலேயே வைத்தாள். பாயை வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அத்தை எங்களோடு பேசவில்லை. சாப்பாடு போட்டார்கள், அக்காதான் பரிமாறினாள். புறப்படும்போது தட்டுகள் வந்தன. சீர் கொண்டுபோன தட்டை யாரும் வெறுமையாகத் திருப்புவதில்லை. ஒரு பிடி சீனியாவது, ஒரு வாழைப்பழமாவது வைப்பார்கள். பதினோரு தட்டும் கழுவி, துடைத்து, வெறுமையாக வந்தன. ஆட்டோ காலையிலேயே திரும்பிவிட்டது, கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது என்று அப்பா ஒரு சாக்கு கேட்டார். அக்கா மாடிக்குப் போய் ஒரு சாக்கை எடுத்து வந்தாள். நடுவில் இரண்டு இடத்தில் நைந்திருந்தது, கை ஊன்றுகிற இடைவெளியில்.

வாசலில் அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. "அடுத்த தடவ கையில குடு" என்றாள்.

பஸ் முழுக்கத் தட்டுகள் கலகலவென்று சத்தம் போட்டன. வீட்டுக்கு வந்ததும் அம்மா சாக்கை அவிழ்த்து, தட்டுகளைப் பார்த்துவிட்டு, "வெறுந்தட்டாவா குடுத்து விட்டாக?" என்று கேட்டாள். அப்பா என்னைக் கைகாட்டினார். அம்மா ஏசினாள். பெரிய இடத்தில் வாயாடி அக்காள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்றாள். சீர்த்தட்டில் அதைத் தூக்கி வைக்கச் சொன்னது யார் என்று நான் கேட்டேன். அம்மா தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் டீச்சருக்குப் போன் செய்து, அக்கா பள்ளிக்கு வருவாள் என்று சொன்னேன். டீச்சர் ரொம்பச் சந்தோஷப்பட்டார். பரிசு பிடித்ததா என்று கேட்டார். பிடித்தது, கை வழுக்கவில்லை என்றேன். உனக்கும் சந்தோஷம்தானே என்றார்.

ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். நானும் அப்பாவும் பஸ் ஏறி வந்துவிட்டோம். தாராளமாகச் செய்யட்டும் என்று அவர்களே ஏற்கெனவே சொல்லியிருந்த ஒன்றுக்காக, ஒரு பானையைத் தூக்கி மிரட்டவேண்டியிருந்த வீட்டில் அக்கா இருக்கிறாள். நாளைக் காலை அந்த அடுப்படிக்குள் அவள்தான் போக வேண்டும்.